விமலேஸ்வரி வாய் திறக்காத காலை

என் மனைவி விமலேஸ்வரியைப் பற்றி எழுதுவதென்றால் அவளுடைய குரலில் இருந்துதான் தொடங்க வேண்டும். எங்கள் வயல் கொண்டலடிக் குளத்தின் கட்டுக்குக் கீழே இருக்கிறது. அவள் வரம்பில் நின்று ஒருதரம் “ஓ... ஓ... ஓய்!” என்று கூப்பிட்டால் எங்கள் வயலில் இறங்கிய கிளி மட்டுமல்ல, சுற்றியிருக்கிற நாலு வயல் கிளியும் எழும்பும். ஒருமுறை ஒட்டுசுட்டான் பஸ்ஸே நின்றுவிட்டது. யாரோ பஸ்ஸை மறிக்கிறார்கள் என்று சாரதி நினைத்துவிட்டார். நான் புளுகுகிறேன் என்றால் பக்கத்து வயல்காரன் சிவகரனைக் கேளுங்கள். பஸ்ஸைத் தவறவிட்டு றோட்டில் நின்றவன் அவன்தான். அவளுடைய புண்ணியத்தில் ஓடிப்போய் ஏறிக்கொண்டான்.

இப்படிப்பட்டவள் போன பங்குனியில் ஒரு காலை மூன்று மணித்தியாலம் வாய் திறக்காமல் இருந்தாள். அந்தக் கதையைத்தான் சொல்லப் போகிறேன். ஆனால் அவள் எப்படிப்பட்டவள் என்று தெரியாமல் அதைக் கேட்டால் உங்களுக்கு அது ஒரு கதையாகவே படாது.

அவளுடைய தகப்பன் சரசாலையில் இருந்து வந்தவர். குடியேற்றத் திட்டத்தில் கிடைத்த மூன்று ஏக்கரில் காடு வெட்டி வயலாக்கினார். பிள்ளைகள் ஐந்து பேர். மூத்தவள் தண்ணீர் அள்ள, அடுத்தவன் மாடு பார்க்க, கடைக்குட்டி விமலேஸ்வரிக்கு வாய்த்த வேலை குருவி கலைப்பது. ஏழு வயதில் காவல் கொட்டிலில் ஏற்றிவிட்டார்கள். கையில் ஒரு பழைய எண்ணெய்த் தகரம், ஒரு தடி. அடித்த அடியில் தகரம் ஒரு கிழமையில் கிழிந்துபோனது. பிறகு தொண்டைதான். கதிர் முற்றுகிற மாதங்களில் அவளுக்குப் பள்ளிக்கூடம் இல்லை. விடிய முதல் ஏறினால் பொழுதுபட்டுத்தான் இறங்குவாள். வைக்கோலும் பழஞ்சட்டையும் கட்டி வயலில் நிறுத்துகிற பொம்மையை நாங்கள் வெருளி என்போம். ஊர்ப் பெடியள் அவளுக்குப் ‘பேசுற வெருளி’ என்று பட்டம் வைத்தார்கள். அவள் அதற்கு அழவில்லை. பட்டம் வைத்தவனின் காதுக்குக் கிட்டப் போய் ஒரு கூப்பாடு வைத்தாள், அவ்வளவுதான்.

நானும் அவளுடைய முகத்தைப் பார்க்க முதல் குரலுக்குப் பயந்தவன். முப்பத்தொரு வருடத்துக்கு முதல் அவர்களுடைய பக்கத்து வயலுக்கு நெல்லுச் சூடு மிதிக்கப் போயிருந்தேன். மத்தியானம் சாப்பிட்டுவிட்டு வைக்கோல் நிழலில் கண்ணயர்ந்த நேரம் அந்தச் சத்தம் வந்தது. யானை வந்துவிட்டதாக்கும் என்று எழும்பி ஓடி, வாய்க்காலுக்குள் விழுந்தேன். நிமிர்ந்து பார்த்தால் வரம்பில் ஒரு பெட்டை நின்று வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்கிறாள். அன்றைக்கு விழுந்தவன் இன்னும் எழும்பவில்லை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். சண்டையில் இடம்பெயர்ந்து போன கடைசி மாதங்களில், சனத்துக்குள் எங்கள் மகள் சாரங்காவின் கை விடுபட்டுவிட்டது. அப்போது அவளுக்கு ஒன்பது வயது. நான் முன்னும் பின்னும் ஓடினேன். விமலேஸ்வரி ஓடவில்லை. நின்ற இடத்திலேயே நின்று, வயலில் கூப்பிடுகிற அதே கூப்பாட்டை விடாமல் கூப்பிட்டாள். முக்கால் மணித்தியாலம். பிள்ளை அந்தச் சத்தத்தைப் பிடித்துக்கொண்டு வந்து சேர்ந்தாள். இப்போது அவள் விசுவமடுவில் கலியாணம் கட்டி இரண்டு பிள்ளைகளோடு இருக்கிறாள். அந்த நாளைப் பற்றி இதற்கு மேல் சொல்ல எனக்கு விருப்பமில்லை.

நாங்கள் திரும்பி வந்தபோது வயலெல்லாம் பற்றை. ஆட்கள் இல்லாத வருடங்களில் குளத்தில் பறவைகள் பெருகிப் போயிருந்தன. சில வருடங்களின் பின் குளக்கட்டில் மூன்று மொழியிலும் பலகை நட்டார்கள்: இது பறவைகள் காப்பிடம், வேட்டையாடக் கூடாது, சத்தம் போடக் கூடாது. பலகை நட்ட இடம் எங்கள் வயலுக்கு நேரே மேலே. “அக்காவை மனசிலை வைச்சுத்தான் எழுதியிருக்கிறாங்கள்” என்று சிவகரன் பகிடி பண்ணினான். உண்மையில் சட்டம் கட்டுக்கு அந்தப் பக்கம்தான், குளத்துக்கு. இந்தப் பக்கம் வயல், எங்களுடையது. ஆனால் அவள் இந்தப் பக்கம் நின்று கூப்பிட்டால் அந்தப் பக்கமும் எழும்பும். குரலுக்கு எல்லைக்கல்லா நடமுடியும்?

தேனுகா ரீச்சர் வந்தது இரண்டு வருடத்துக்கு முதல். துணுக்காய்ப் பக்கத்தில் விஞ்ஞானம் படிப்பிக்கிறவர். லீவு நாட்களில் ஸ்கூட்டியில் குளம் குளமாகப் போய்ப் பறவை எண்ணுவார். அன்றைக்குக் குளக்கட்டில் நின்று பைனாகுலரால் பார்த்துக்கொண்டிருந்தவர், கீழே நின்ற விமலேஸ்வரியிடம் சும்மா கேட்டார்:

“அன்ரி, அந்தப் பட்டமரத்திலை நிக்கிறது என்னெண்டு தெரியுமோ?”

தெரியுமாவா! எந்தப் பறவை எந்த மாதம் வரும், எந்தப் பக்கத்தால் வரும், நெல் தின்னுமா மீன் தின்னுமா, தனிய வருமா கூட்டமாக வருமா, எல்லாம் கொட்டினாள். ரீச்சர் கொப்பியை எடுத்து எழுதத் தொடங்கினார். அறுபத்து மூன்று பறவை. பாதிக்கு மேல் அவளாக வைத்த பெயர்கள். ரீச்சருக்கு வாய் மூடவில்லை.

பிறகு ரீச்சர் பைனாகுலரை அவளுடைய கையில் கொடுத்தார். அலைகரையில், அதாவது தண்ணீர் வற்றி வற்றிப் பின்வாங்குகிற சேற்று ஓரத்தில், மண்ணிறத்தில் ஒரு சின்னக் குருவி ஓடித் திரிந்தது. அவள் அதைக் கனநேரம் பார்த்தாள். எனக்குத் தேத்தண்ணி நேரம் தவறிப் போனது.

“என்னப்பா,” என்றாள் என்னிடம். “அதுக்குக் கண்ணைச் சுத்தி மஞ்சள் வளையம் கிடக்கு.”

“இருந்திட்டுப் போகட்டும். தேத்தண்ணி எங்கை?”

“நாப்பத்தஞ்சு வரியமா இந்தக் குருவியைப் பாக்கிறன். கண்ணிலை வளையம் இருக்கெண்டு எனக்குத் தெரியாது. நான் அதுகளின்ரை முதுகைத்தானே பாத்தனான். என்னைக் கண்ட உடனை எல்லாம் முதுகைக் காட்டிக்கொண்டு போயிடும்.”

நான் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை. இரவு சாப்பிடும்போது சொன்னாள்: “எனக்கு ஒருக்கா அதுகளுக்குக் கிட்ட இருந்து பாக்கோணும். அதுகள் பறந்து போகாமல் இருக்கோணும்.” ஐம்பது வயதுக்கு மேல் ஒரு மனுசிக்கு வருகிற ஆசையா இது? ஆனால் அவள் என்னிடம் ஆசைப்பட்டு ஒன்று கேட்டதாக எனக்கு நினைவில்லை. சீலை கேட்டதில்லை, சங்கிலி கேட்டதில்லை.

ரீச்சருக்கும் ஒரு தேவை இருந்தது. ஒவ்வொரு குளத்துக்கும் அந்த ஊர் ஆள் ஒருவர் எண்ணிக் கொடுக்க வேண்டும். சம்பளம் இல்லை. கொப்பியில் எண்ணினவர் என்று பெயர் போடுவார்கள், அவ்வளவுதான். கொண்டலடிக்கு விமலேஸ்வரியின் பெயரைப் போடுவோம் என்றார். இவள் அந்தக் கிழமை முழுக்கத் தரையில் நடக்கவில்லை.

போன தையில் பெரிய கணக்கெடுப்பு. வவுனியாவில் இருந்தும் கிளிநொச்சியில் இருந்தும் ஏழெட்டுப் பேர் வந்திருந்தார்கள். நான் போகவில்லை, பிறகு ரீச்சர் சொல்லித்தான் எனக்குத் தெரியும். எல்லோரும் அலைகரையில் குந்தியிருந்தார்கள். வெளிநாட்டில் இருந்து வருகிற தாராக் கூட்டம் ஒன்று, நாங்கள் வரத்துத் தாரா என்போம், எண்ணூறுக்கு மேல் தண்ணீரில் மிதந்தது. ஒரு பெரியவர் பத்துப் பத்தாக எண்ணிக்கொண்டு வந்தார். முன்னூறு தாண்டியிருக்கும். அந்த நேரம் பார்த்துக் காட்டுப் பக்கத்தால் ஒரு பெரிய கூட்டம் கிளி, எங்கள் வயலை நோக்கித் தாழப் பறந்து வந்தது.

என் மனைவியின் கை தன்பாட்டில் மேலே போனது. வாய் தன்பாட்டில் திறந்தது.

“ஓ... ஓ... ஓய்!”

பிறகு என்ன! குளமே எழும்பியது. தாரா, நாரை, நீர்க்காகம், கூழைக்கடா எல்லாம் ஒரேயடியாக எழும்பி, தண்ணீர் வெறுமையாகக் கிடந்தது. எண்ணிக்கொண்டிருந்த பெரியவர் பென்சிலைக் காதில் சொருகிக்கொண்டு வானத்தைப் பார்த்தார். திட்டியிருந்தால்கூட நல்லாயிருந்திருக்கும். விமலேஸ்வரி இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டு நின்றாளாம். வீட்டுக்கு வந்து குசினிக்குள் போனவள் அடுப்பு மூட்டவில்லை. நான் எட்டிப் பார்த்தேன். சுவரைப் பார்த்துக்கொண்டு இருந்து அழுதாள். “அது நானில்லையப்பா, என்ரை தொண்டை” என்றாள்.

மற்றவர்கள் வேறு ஆளைப் பாருங்கள் என்று ரீச்சரிடம் சொல்லிவிட்டார்கள். ரீச்சர் நல்ல பிள்ளை. வீட்டுக்கே வந்து கதிரையில் இருந்து, ஒளிக்காமல் சொன்னார்.

“அன்ரி, பங்குனியிலை ஒருக்கா எண்ணோணும், வரத்துப் பறவையள் திரும்பிப் போக முதல். அண்டைக்கு நானும் நீங்களும் மட்டும் போவம். எழும்பாமல் எண்ணி முடிச்சால் உங்கடை பேர்தான். திரும்பவும் எழும்பினால்... நான் வேறை ஆளைத்தான் பாக்கோணும். குறை நினைக்கக்கூடாது.”

“எழும்பினால் நான் குளத்துப் பக்கமே வரமாட்டன் ரீச்சர்,” என்றாள் இவள். சொன்னால் சொன்னபடி செய்கிறவள்.

அன்று தொடங்கிய மௌன விரதம். தொண்டையை மறக்கச் செய்ய வேண்டுமாம். வாயில் எந்த நேரமும் ஒரு துண்டுப் பனங்கட்டி. வாயில் பனங்கட்டி கிடந்தால் நாக்குக்கு வேலை இருக்கும், கத்த வராது என்று அவளாகக் கண்டுபிடித்த வைத்தியம். பனங்கட்டிப் பெட்டி மூன்று முடிந்தது. வயலில் கிளி கலைக்கிற வேலை என் தலையில் விழுந்தது. என் குரலுக்குக் காகம்கூடத் திரும்பிப் பார்க்காது. ஆகவே நான் எண்ணெய்த் தகரத்தைத் தூக்கினேன். வீட்டில் சத்தமே இல்லை. “சாப்பிட வாங்கோ” என்பதைக்கூடக் கோப்பையில் கரண்டியால் தட்டித்தான் சொன்னாள். இத்தனை வருடமாக அவளுடைய வாயை மூடச் சொல்லித்தான் நான் சண்டை பிடித்தேன். மூடிய பிறகு வீட்டுக்குள் இருக்க எனக்குப் பிடிக்கவில்லை.

பங்குனிக் கடைசிக் கிழமை அந்த நாள் வந்தது. மாரியில் விதைத்த எங்கள் காலபோக நெல் பெரும்பாலும் வெட்டியாகிவிட்டது. வெள்ளத்தில் அள்ளுப்பட்டுப்போய் இரண்டாம் தரம் விதைத்த அரை ஏக்கர் மட்டும் கட்டோரம் நின்றது. நல்ல விளைச்சல். வீட்டுச் சாப்பாட்டுக்கும் விதைநெல்லுக்கும் அதைத்தான் நம்பியிருந்தோம். வெட்டுகிற மெசின் அடுத்த கிழமை வருவதாக இருந்தது.

விடிய ஐந்தரைக்குப் புறப்பட்டோம். அவள் வழக்கமாகப் போடுகிற என் செம்மஞ்சள் சட்டையை விட்டுவிட்டுச் சாம்பல் நிறச் சீலை உடுத்தியிருந்தாள். “அதுகளுக்கு என்னைத் தெரியும்” என்று மெல்லச் சொன்னாள். குளக்கட்டில் ரீச்சர் காத்து நின்றார். இருவரும் செருப்பைக் கழற்றிவிட்டு அலைகரையால் நடந்து, ஒரு பழைய மருதமரத்தின் வேருக்குள் போய் இருந்தார்கள். நான் தகரத்தோடு கட்டில் நின்றேன். ஒரு பக்கம் குளம், ஒரு பக்கம் வயல்.

அந்தக் கட்டால் எத்தனை ஆயிரம் தரம் நடந்திருப்பேன். எப்போதும் முகம் வயல் பக்கம்தான். தண்ணீர் எத்தனை அடி நிற்கிறது என்று பார்க்கத்தான் குளத்துப் பக்கம் திரும்புவேன். அன்றைக்குத்தான் சும்மா நின்று பார்த்தேன்.

பனி இருந்தது. தண்ணீர் எங்கே முடிகிறது, வானம் எங்கே தொடங்குகிறது என்று தெரியவில்லை. பட்டமரங்கள் காலில்லாமல் அந்தரத்தில் நின்றன. அவற்றில் நீர்க்காகங்கள் செட்டையை விரித்துக் காயப்போட்டபடி அசையாமல் இருந்தன. பனிக்குள் இருந்து ஒரு கூழைக்கடா வந்தது, பிறகு இன்னொன்று, பிறகு ஆறு. நீந்துகிற மாதிரித் தெரியவில்லை. தண்ணீரே அவற்றை மெல்ல இந்தப் பக்கம் கொண்டுவருகிற மாதிரி இருந்தது. எங்கேயோ ஒரு மீன் துள்ளியது. அந்த வளையம் பெரிதாகிப் பெரிதாகி, தாமரை இலைகளுக்குள் போய் முடியும்வரை நான் பார்த்துக்கொண்டிருந்தேன். ஏன் பார்த்தேன் என்று எனக்கே தெரியாது.

மெல்லமெல்ல வெளிச்சம் வந்தது. சேற்றில் சங்குவளை நாரைகள் தலையைக் குனிந்துகொண்டு வரிசையாக நடந்தன. வரத்துத் தாராக்கள் தூரப் போகிற ஆட்கள் மாதிரி ஒரு இடத்தில் கூடி, தங்களுக்குள் குசுகுசுத்துக்கொண்டிருந்தன. மருதமரத்தடியில் என் மனைவி இருக்கிற இடம் சாம்பலாகத் தெரிந்தது. அவளுக்கும் தண்ணீருக்கும் இடையில் பத்துப் பன்னிரண்டு பறவைகள் மேய்ந்தன. அவள் கல்லாக இருந்தாள். எனக்குக் கண்ணைக் கசக்கிக்கொண்டு பார்க்க வேண்டியிருந்தது. விடிய எழும்பியது போதாமல் இன்னும் கனவுக்குள்தான் நிற்கிறேனோ என்று நினைத்தேன். நேரம் எங்கே போனதென்று தெரியவில்லை.

அப்போது கிளிச் சத்தம் கேட்டது.

காட்டுப் பக்கத்தால் வந்தது, தையில் வந்த அதே பக்கத்தால். இருநூறு, முன்னூறு இருக்கும். மருதமரத்துக்கு மேலால் தாழப் பறந்தது. சாம்பல் சீலைக்குள் இருந்து ஒரு கை எழும்பியது. ஐயோ, முடிந்தது என்று நினைத்தேன். கை பாதி வழியில் நின்றது. நின்று, மெல்ல இறங்கி, வாயின் மேல் போய் இருந்தது. தாராக்கள் எழும்பவில்லை. ஒரு நாரை தலையைத் தூக்கிப் பார்த்துவிட்டுத் திரும்பவும் குனிந்துகொண்டது.

எனக்குக் கட்டில் நின்று கூத்தாட வேண்டும் போல இருந்தது. திரும்பிப் பார்க்கிறேன், கிளி அத்தனையும் கட்டைத் தாண்டிக் கீழே இறங்குகிறது. முதலில் சிவகரனின் வயல். அவனுக்கும் பிந்தி விதைத்த துண்டு ஒன்று நின்றது.

கை தகரத்தில் தடியை ஓங்கிவிட்டது. ஓங்கிய பிறகுதான் விளங்கியது. இந்தத் தகரத்தை இங்கே அடித்தால் சத்தம் தண்ணீரின் மேலால் நேரே மருதமரத்துக்குப் போகும். பிறகு தைமாதம் நடந்த கதைதான். அவள் இரண்டு மாதம் பனங்கட்டி சூப்பியதும் வீண், இன்றைக்கு அந்தக் கை பாதியில் இறங்கியதும் வீண். தடியை இறக்கினேன்.

அதற்குள் அங்கே சிவகரன் கொட்டிலில் இருந்து இறங்கிவிட்டான். ஒரு கையில் யானைவெடி, மறு கையில் நெருப்புப் பெட்டி. யானை கலைக்கக் கொடுத்த வெடியைக் கிளிக்குக் கொளுத்துகிற ஆள் அவன். அந்த வெடி வெடித்தால் குளம் என்ன, குளத்துக்கு அங்காலே இருக்கிற காடும் எழும்பும்.

கூப்பிட முடியாது. ஓடினேன். கட்டால் சறுக்கி இறங்கி, வரம்பால் ஓடி, ஒரு செருப்பைச் சேற்றுக்குள் விட்டு, ஐம்பத்தேழு வயதில் ஓடக்கூடாத ஓட்டம். போய் அவனுடைய கையைப் பிடித்தேன்.

“தம்பி... கொளுத்தாதை.”

“என்ன யோகண்ணை? கிளி முழுக்க என்ரை வயலுக்கை!”

“மெல்லக் கதை. அக்கா குளத்துக்கை இருக்கிறா.”

அவனுக்கு முகம் மாறியது. “ஐயோ, முதலை பிடிச்சிட்டுதோ?”

“இல்லையடா. பறவை எண்ணுறா.”

அவன் என்னை மேலும் கீழும் பார்த்தான். சேறு பூசி, ஒரு காலில் செருப்போடு நிற்கிறவனை வேறு எப்படிப் பார்ப்பான்?

“அவா பறவை எண்ணட்டும் அண்ணை. என்ரை நெல்லை ஆர் காக்கிறது?”

நியாயமான கேள்வி. அவனுக்கும் குடும்பம் இருக்கிறது. நான் சொன்னேன்: “துவாயை வீசிக் கலை. சத்தம் வேண்டாம். என்ரை வயலுக்கை இறங்கட்டும்.”

“உங்கடை வயலுக்கையோ?”

“ஓம்.”

“விளங்கித்தான் சொல்லுறியளோ?”

“விளங்கித்தான் சொல்லுறன். வீசு.”

அவன் தோளில் கிடந்த துவாயை எடுத்து ஒரு பக்கத்தால் வீசினான். நான் என் சட்டையைக் கழற்றி மறுபக்கத்தால் வீசினேன். இரண்டு பேரும் வாய்பேசாமல் வயலுக்குள் துள்ளியதை ஆராவது கண்டிருந்தால் பேய் பிடித்ததென்று சொல்லியிருப்பார்கள். கிளிகள் எழும்பின, வரம்பைத் தாண்டின, என் அரை ஏக்கரில் இருந்தன.

கிளி நெல் தின்பதை நீங்கள் பார்த்திருக்கிறீர்களா? குருவி மாதிரி மணி மணியாகப் பொறுக்காது. கதிரைத் தண்டோடு நறுக்கி, காலால் பிடித்து, பாதியைத் தின்றுவிட்டு மீதியைக் கீழே போடும். நறுக் நறுக்கென்று கேட்டுக்கொண்டே இருந்தது. நான் வரம்பில் தகரத்தோடு நின்றேன். என் வயிறு எரிந்தது, மறைக்க என்ன இருக்கிறது? வெள்ளத்துக்குப் பிறகு இடுப்பொடிந்து விதைத்த நெல். ஒரு தட்டுத் தட்டினால் போதும். சிவகரன் இரண்டு தரம் என்னைப் பார்த்தான். பிறகு வெடியைச் சாரத்துக்குள் சொருகிக்கொண்டு, எனக்குப் பக்கத்தில் வந்து நின்று வெற்றிலை மடித்துத் தந்தான். சும்மா சொல்லக்கூடாது, நல்ல பெடியன். நான் கட்டை நிமிர்ந்து பார்த்தேன். கட்டுக்கு மேலே வானத்தில் ஒரு பறவையும் எழும்பவில்லை. வெயில் ஏறி, பனி விட்டு, வானம் நீலமாக வந்தது. அப்போதும் எழும்பவில்லை.

எட்டரை மணிக்கு இருவரும் கட்டுக்கு ஏறி வந்தார்கள். ரீச்சர் கீழே பார்த்துக் கொப்பியைத் தூக்கிக் காட்டினார். “ஆயிரத்து நூற்றிப் பன்ரெண்டு, அங்கிள்! முப்பத்தெட்டு வகை! ஒண்டுகூட எழும்பேல்லை!” எண்ணினவர் என்ற இடத்தில் யோ. விமலேஸ்வரி என்று எழுதியிருப்பதாகவும் சொன்னார். அடுத்த குளத்துக்கு நேரமாகிவிட்டதென்று ஸ்கூட்டியை எடுத்துக்கொண்டு போனார். சிவகரனும் மெல்ல நழுவிவிட்டான்.

விமலேஸ்வரி கட்டால் இறங்கி வந்தாள். சிரித்துக்கொண்டு வந்தவள் பாதி வழியில் நின்றாள். அவளுக்கு ஒருவரும் ஒன்றும் சொல்லித்தரத் தேவையில்லை. கட்டோரத் துண்டில் பாதி மொட்டையாகக் கிடந்தது. கிளி அப்போதும் போகவில்லை.

“எவ்வளவு நேரமா நிக்குது?”

“ஏழு மணி தொடக்கம்.”

“தகரம்?”

“கையிலைதான் இருந்தது.”

“பிறகேன் அடிக்கேல்லை? விசரோ உங்களுக்கு? விதைநெல்லப்பா! சாப்பாட்டு நெல்லப்பா! ஒரு மனிசன் கிளி தின்னுறதைப் பாத்துக்கொண்டு நிப்பானோ?” ஏச்சு வந்தது, இரண்டு மாதத்துக்குச் சேர்த்து வைத்த ஏச்சு. நான் கேட்டுக்கொண்டு நின்றேன். கேட்க நல்லாயிருந்தது. ஆனால் ஏசிக்கொண்டிருந்தவள் இடையில் நிறுத்திவிட்டாள். கட்டைத் திரும்பிப் பார்த்தாள். என் கையில் இருந்த தகரத்தைப் பார்த்தாள். சேற்றுக் காலைப் பார்த்தாள்.

“சத்தம் அங்கை கேக்குமெண்டோ?”

“ஓம்,” என்றேன். “நீர் எங்களுக்காக எவ்வளவு கத்தியிருப்பீர். ஒருநாள் நான் பேசாமல் நிண்டால் என்ன?”

அவள் அப்படியே வரம்பில் இருந்துவிட்டாள். சீலைத் தலைப்பால் முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். பிறகு மூக்கைத் துடைத்துவிட்டு, பக்கத்தில் இரு என்று கையால் வரம்பைத் தட்டினாள். இருந்தேன்.

“ஒரு கரண்டிவாயன் வந்தது,” என்றாள். குரல் எனக்கு மட்டும் கேட்கிற அளவில் இருந்தது. “இந்தா, உந்த வாழை நிக்கிற தூரம்தான். ஒரு காலைத் தூக்கினது. சொண்டைச் செட்டைக்குள்ளை வைச்சது. கண்ணை மூடினது.”

“பிறகு?”

“நித்திரை கொண்டதப்பா. நான் இருக்கத்தக்கதா, எனக்கு முன்னாலை நித்திரை கொண்டது. ரீச்சர் எண்ணி முடிச்சிட்டு எழும்புவம் எண்டவா. நான் எழும்பேல்லை. அது தானா முழிக்கட்டும் எண்டு இருந்தனான்.”

பிறகு மற்றவற்றையும் சொன்னாள். எந்தத் தாரா எந்தத் தாராவைக் கொத்தியது, எந்த நாரைக்கு ஒரு கால் நொண்டி, தண்ணீருக்குள் தலையை விட்டு எடுத்தால் துளி எப்படி முதுகால் உருண்டு போகிறது, ஒவ்வொன்றாகச் சொன்னாள். எங்களுக்கு முன்னால் எங்கள் நெல்லைக் கிளி நறுக்கிக்கொண்டிருந்தது. அவள் சொல்லி முடிய வெயில் நன்றாக ஏறிவிட்டது. அதுவரைக்கும் நாங்கள் இரண்டு பேரும் கலைக்கவில்லை.